அரை மில்லிமீட்டர் புள்ளியும் லட்ச ரூபாய் துப்பாக்கியும்

ஹைதராபாத் உருவாக்கிய சுடும் வீரர்கள் பதக்கங்களைக் குவித்திருக்கிறார்கள். விலை உயர்ந்த கருவி எதுவரை உதவும், அதற்குப் பிறகு எது கைகொடுக்கும் என்பதை அவர்களுடைய கதை சொல்கிறது.

பத்து மீட்டர் தொலைவில் ஒரு அட்டை. அட்டையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் விட்டம் 0.5 மில்லிமீட்டர். பேனாவால் காகிதத்தில் அழுத்தாமல் வைத்த புள்ளி அளவுதான் இருக்கும். நின்றபடி, எதன் மீதும் சாயாமல், ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கியைத் தோளில் தாங்கிக்கொண்டு, அந்தப் புள்ளியை அறுபது முறை சுட வேண்டும். ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் போட்டி என்பது இவ்வளவுதான்.

குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து மதிப்பெண் உண்டு. அதாவது குண்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம். முன்பெல்லாம் தகுதிச் சுற்றில் பத்து என்றால் பத்து, அதோடு கணக்கு முடிந்தது. 2013 முதல் ரைஃபிள் தகுதிச் சுற்றிலும் தசம மதிப்பெண் வந்துவிட்டது. அதிகபட்சம் 10.9. ஒவ்வொரு தசமத்துக்கும் கால் மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டரில் மனிதர்களைத் தரம் பிரிக்கும் விளையாட்டில் கருவிக்கு என்ன பங்கு, மனிதனுக்கு என்ன பங்கு? பிள்ளையைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும்.

சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நரங்கின் குடும்பமும் சந்தித்தது. 1983இல் பிறந்த நரங், பள்ளிப் பருவத்தில் இந்த விளையாட்டுக்கு வந்தபோது சர்வதேசத் தரமான ரைஃபிள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத பொருள். மகனுக்குத் துப்பாக்கி வாங்குவதற்காகக் குடும்பம் சொத்தை விற்றது என்பது ஹைதராபாத் விளையாட்டு வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2003இல் அதே நகரில் நடந்த ஆப்பிரிக்க - ஆசிய விளையாட்டுப் போட்டியில் சொந்த ஊர்க்காரர்கள் முன்னிலையில் நரங் தங்கம் வென்றார். போட்ட முதலுக்கு வட்டி வரத் தொடங்கியது.

ஆனால் அசல் கைக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நரங் 600க்கு 595 எடுத்தார். எட்டாவது இடத்தில் இருந்தவருக்கும் அதே 595. கடைசித் தொடரில் யார் அதிகம் எடுத்தார்கள் என்று பார்க்கும் விதியின்படி நரங் வெளியேறினார். ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 596 எடுத்து உள்ளே போன அபினவ் பிந்த்ரா தங்கத்தோடு திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நரங் 600க்கு 600 எடுத்தார். இறுதிச் சுற்றையும் சேர்த்து 703.5. அப்போது அது உலக சாதனை. சில மாத இடைவெளியில் மனிதர் மாறவில்லை, கருவியும் பெரிதாக மாறியிருக்க வாய்ப்பில்லை. மதிப்பெண் மட்டும் மாறியது.

2012 லண்டனில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது. ருமேனியாவின் மோல்டோவியானு 702.1, இத்தாலியின் கம்பிரியானி 701.5, நரங் 701.1. இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விளையாட்டின் குரூரம் புரியும். பத்துக் குண்டு இறுதிச் சுற்றில் நரங் எடுத்த 103.1, தங்கம் வென்றவர் எடுத்ததற்குச் சமம்; வெள்ளி வென்றவரைவிட அதிகம். தகுதிச் சுற்றில் அவர்கள் இருவரும் 599 எடுத்திருக்க, நரங் 598. காலையில் அறுபது குண்டுகளில் எங்கோ நழுவிய ஒற்றைப் புள்ளி, பதக்கத்தின் நிறத்தைத் தீர்மானித்துவிட்டது.

கருவி செய்யும் வேலை

இன்றைய போட்டி ரைஃபிள், தோற்றத்தில் துப்பாக்கியைவிட ஆய்வுக்கூடக் கருவியை ஒத்திருக்கிறது. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டையர் போன்ற சில நிறுவனங்கள்தான் உலகச் சந்தையை ஆள்கின்றன. குழலுக்குக் கீழே இருக்கும் உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று வெளியேறி, அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டைத் தள்ளும். பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளில் இருந்த உதறல் இதில் கிட்டத்தட்ட இல்லை.

முன்னணி நிறுவனங்களின் துப்பாக்கிகளை இறுக்கியில் பொருத்திச் சுட்டால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போய் விழும். எனவே எந்த நிறுவனத்தின் துப்பாக்கி சிறந்தது என்ற வாதத்தில் பொருள் குறைவு. சுடுபவரின் உடம்போடு எது பொருந்துகிறது என்பதே முக்கியம். தோளில் பதியும் தட்டு, கன்னம் சாயும் கட்டை, கைப்பிடி, எடைக் குண்டுகள் எல்லாவற்றையும் நகர்த்தவும் திருப்பவும் முடியும். சட்டப்படி மொத்த எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. கன்னத்தைக் கட்டையில் வைத்ததும் கழுத்தை வளைக்காமலே கண் நேராகப் பின் துளைக்குள் பார்க்க வேண்டும். அதற்காகத் தலையைத் தேடிக் கொண்டுபோக வேண்டியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அந்தத் துப்பாக்கி அவருக்கு உரியதில்லை.

புதிதாக வருபவர்கள் கவனிக்காத விஷயம், குண்டு. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே டப்பா என்றாலும் ஒரு தொகுப்பில் தயாரானது ஒரு குழலுக்கு ஒத்துப்போகும், மற்றொன்று ஒத்துப்போகாது. அதனால்தான் முன்னணி வீரர்கள் தங்கள் துப்பாக்கியையே ஜெர்மனித் தொழிற்சாலைகளுக்குத் தூக்கிச் சென்று, தொகுப்பு தொகுப்பாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுப்பில் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுக்கு வசதியில்லாதவர்களும் உள்ளூரில் நாலைந்து வகைக் குண்டுகளைச் சுட்டுப் பார்க்கலாம். துப்பாக்கியை மாற்றுவதைவிட இது பல மடங்கு மலிவு.

அடுத்தது உடை. கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த, மரப்பலகை போல் விறைத்த கோட்டும் கால்சட்டையும் முதுகெலும்பைத் தாங்குகின்றன. இவை ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்பது விதி. போட்டிக்கு முன் நடுவர்கள் கருவி வைத்து அளக்கிறார்கள். காற்று உருளைக்கும் ஆயுள் உண்டு: தயாரான நாளிலிருந்து பத்து ஆண்டு. பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உருளையில் பொறித்திருக்கும் தேதியை.

உடம்பு செய்யும் வேலை

கருவி இங்கே விடைபெறுகிறது. மற்றதெல்லாம் உடம்பின் பாடு. ரைஃபிள் வீரர் துப்பாக்கியைக் கை பலத்தால் தூக்குவதில்லை. தசை களைக்கும், நடுங்கும், எலும்பு களைக்காது. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் அமர, முதுகு சற்றே பின்னால் சாய, துப்பாக்கியின் எடை எலும்புகள் வழியாக நேராகப் பாதத்துக்கு இறங்க வேண்டும்.

நின்ற பிறகு செய்யும் ஒரு சோதனை, பயிற்சியாளர்கள் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. குறிவைத்துவிட்டுக் கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்க்க வேண்டும். குறி இலக்கின் மேலேயே இருந்தால் நிற்கும் நிலை சரி. விலகியிருந்தால் துப்பாக்கியைத் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். தள்ளிச் சரிசெய்த துப்பாக்கி, விசை இழுபடும் கணத்தில் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, சில விநாடிகளுக்குள் சுட்டாக வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் பிராணவாயு குறைந்து பார்வை மங்கும், நடுக்கம் கூடும். துப்பாக்கியைக் கீழே இறக்கி மறுபடி தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். சுடாமல் இறக்கிவைக்கும் துணிச்சல் வர ஆண்டுகள் ஆகும் என்பார்கள். விசையை இழுத்த பிறகும் ஓரிரு விநாடி அசையாமல் நின்று, குறி எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை துப்பாக்கியின் ஒவ்வொரு அசைவும் அதன் பாதையை மாற்றும்.

இதில் பெரும்பகுதியைக் குண்டே இல்லாமல் பழகலாம். வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குறிவைத்து வெறும் விசையை இழுக்கும் பயிற்சி, உலகெங்கும் முன்னணி வீரர்களின் தினசரி அட்டவணையில் இருக்கிறது. செலவு: ஒரு ரூபாய்கூட இல்லை.

மூன்று விநாடிக் கணக்கு

நரங்குக்குப் பிறகு ஹைதராபாத்தைப் பேசவைத்தவர் ஈஷா சிங். 2005இல் பிறந்த ஈஷா, ஒன்பது வயதில் கச்சிபௌலியில் சுடும் தளத்தைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர். கார் பந்தய வீரரான தந்தை வீட்டிலேயே ஒரு எளிய சுடும் தளத்தை அமைத்துக் கொடுத்தார். 2018இல் திருவனந்தபுரத்தில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயதுச் சிறுமி, மனு பாக்கர், ஹீனா சித்து உள்ளிட்டவர்களைப் பின்னுக்குத் தள்ளிப் பத்து மீட்டர் காற்றுப் பிஸ்டலில் தேசிய சாம்பியன் ஆனார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஒரு தங்கம், மூன்று வெள்ளி.

பிஸ்டல் வேறு உலகம். விறைத்த கோட்டும் கிடையாது, தோள் தாங்கலும் கிடையாது. ஒரே கை, நீட்டியபடி. காற்றுப் பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோவுக்குள். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும். பத்து வளையத்தின் விட்டமும் 11.5 மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. அதிலிருந்தே இது எவ்வளவு கடினம் என்று ஊகிக்கலாம்.

இங்கே கருவித் தேர்வு என்பது பெரும்பாலும் கைப்பிடித் தேர்வுதான். வால்நட் மரக் கைப்பிடியை அரத்தால் ராவி, மரத்தூள் பசையால் பூசி, உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தித் திறந்தால் முன் குறியும் பின் குறியும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். பார்வை எதில் நிலைக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள். இலக்கைக் கூர்ந்து பார்க்கக் கூடாது. இலக்கு மங்கலாகத் தெரிய, முன் குறியின் விளிம்பு துல்லியமாகத் தெரிய வேண்டும். கை இலக்கின் மேல் கொஞ்சம் மிதந்தால் சேதம் குறைவு. இரண்டு குறிகளுக்கிடையே கோணம் பிசகினால் குண்டு வெகு தூரம் போய்விடும்.

ஈஷா ஹாங்சோவில் தனிநபர் வெள்ளி வென்ற 25 மீட்டர் பிஸ்டலில் இன்னொரு சோதனை உண்டு. முதல் 30 குண்டுகளை நிதானமாகச் சுடலாம். அடுத்த 30 குண்டுகளுக்கு இலக்கு மூன்று விநாடி மட்டுமே தோன்றும். ஏழு விநாடி மறையும். கையை 45 டிகிரிக் கோணத்தில் தாழ்த்தி வைத்திருந்து, இலக்கு தோன்றியதும் உயர்த்தி ஒரு குண்டு சுட வேண்டும். விசையில் விரல் இயங்கத் தொடங்குவது கை இலக்கை அடைந்த பிறகல்ல, உயரும்போதே. கை நிற்கும் கணமும் குண்டு கிளம்பும் கணமும் ஒன்றாக வேண்டும். இதற்குக் கடையில் விற்கும் மருந்து எதுவும் இல்லை.

அதற்காகக் கருவியை அலட்சியம் செய்யவும் முடியாது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. சரிசெய்து வருவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் கரைந்துபோயிற்று. 575 புள்ளிகளோடு 12ஆவது இடம். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் இறுதிச் சுற்று கைநழுவியது. 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்று அவர் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். பிந்த்ராவின் பெய்ஜிங் அனுபவம் இன்னும் விசித்திரமானது. இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு 4இல் போய் விழுந்தது. குறி விலகியிருக்கிறது என்று உணர்ந்து, பதறாமல் திருகாணிகளைத் திருகிச் சரிசெய்து, போட்டியின் முதல் குண்டிலேயே 10.7 எடுத்தார். தன் கருவியை அக்குவேறு ஆணிவேறாக அறிந்திருப்பதும் திறமையில் சேர்த்திதான்.

பறக்கும் தட்டு

ஹைதராபாத்தின் இன்னொரு முகம் டிராப் வீரர் கைனன் செனாய். ஹாங்சோவில் தனிநபர் வெண்கலமும், புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் அணித் தங்கமும் வென்றவர். நிஜாம் காலத்து வேட்டை நினைவுகள் உள்ள நகரம் ஹைதராபாத். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. டிராப் போட்டியில் பறவைக்குப் பதிலாகப் பறப்பது 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள களிமண் நிறத் தட்டு.

இதில் பின் குறியே கிடையாது. சுடுபவரின் கண்தான் பின் குறி. ஆகவே துப்பாக்கிக் கட்டையின் நீளமும் உயரமும் முகத்துக்குச் சரியாக அமைவதே எல்லாம். சில மில்லிமீட்டர் உயரம் கூடினால் சிதறல் தட்டுக்கு மேலே போய்விடும். கன்னம் கட்டையைவிட்டு எழும்பினாலும் இதே கதி. ஓடும் தட்டைச் சுட்டால் தவறும். தட்டு போகும் பாதையில் அதை முந்தி, துப்பாக்கியை நிறுத்தாமல் வீசியபடியே சுட வேண்டும். முன்பு சொன்ன அசையாமை விதி இங்கே தலைகீழ்.

எதற்கு முதலில் செலவு?

போட்டித் தரமான துப்பாக்கி இன்றும் லட்சங்களில்தான். பெற்றோருக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. 0.177 அங்குல விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 0.22 தோட்டாத் துப்பாக்கிக்கும் டிராப் துப்பாக்கிக்கும் உரிமம் கட்டாயம். 2019இல் செய்த சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகைகள் உள்ளன.

அனுபவம் காட்டும் வரிசை எளிமையானது. முதலில் நல்ல பயிற்சியாளரும் பாதுகாப்புப் பழக்கமும்: துப்பாக்கியில் குண்டு இருப்பதாகவே எப்போதும் கருதுவது, குழலை இலக்குத் திசையிலேயே வைத்திருப்பது, சுடாத நேரத்தில் குழலுக்குள் பாதுகாப்புக் கயிற்றைச் செருகுவது, ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாமலிருப்பது. பிறகு சில மாதம் சங்கத்துத் துப்பாக்கியில் பழகுவது. மூன்றாவதாக, சொந்த அளவுக்குப் பொருந்தும் காலணியும் உடையும். இவற்றை இரவல் வாங்க முடியாது. துப்பாக்கி கடைசியில். வளரும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் பொருந்தியது பதினைந்தில் பொருந்தாது. அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய, பழைய, நன்றாகப் பராமரித்த துப்பாக்கி போதும்.

சொத்தை விற்றுத் தொடங்கிய நரங், 2011இல் பவன் சிங்குடன் சேர்ந்து புனேயில் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஆதரவில் வளர்ந்தவர்களில் ஒருவர் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன். 2019இல் உலகக் கோப்பைத் தங்கம். டோக்கியோவில் 16ஆவது இடம், பாரிசில் 10ஆவது இடம். பாரிசில் அவர் எடுத்த 630.7 புள்ளிகளை அறுபதால் வகுத்தால் குண்டுக்குச் சராசரி 10.5. ஒவ்வொரு முறையும் புள்ளியின் மையத்திலிருந்து விலகியது சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர். அதுவும் இறுதிச் சுற்றுக்கு நுழைய எட்டுப் பேரில் ஒருவராக்கப் போதவில்லை.

அந்த இடைவெளியை அடைக்க வால்தரும் போதாது, ஸ்டையரும் போதாது. அவர்களுடைய துப்பாக்கிகள் ஏற்கெனவே எல்லோர் தோளிலும் இருக்கின்றன. மிச்சமிருப்பது காலையில் வெள்ளைச் சுவருக்கு முன் நின்று, குண்டில்லாத துப்பாக்கியின் விசையை நூறு முறை இழுக்கும் பொறுமை மட்டுமே. ஹைதராபாத்தில் அதற்கு விலை ஏறவில்லை, மலிந்தும் போகவில்லை.